வெயிலுக்குக் குறைவில்லை, தொட்டி நிலைக்க வேண்டும்

இயற்கை வேளாண்மை செய்கிறவனுக்கு வெந்நீர் எதற்கு என்று கேட்கிறார்கள். குளிக்கத்தானே என்று சிரிப்பவர்களும் உண்டு. என் கணக்கில் குளியல் கடைசி. பால் பாத்திரம் கழுவ, விதை நேர்த்தி செய்ய, வாழைக்கன்றை நனைக்க, நெல் ஊற வைக்க, மாட்டுக்குத் தவிடு கரைக்க என்று வெந்நீருக்கு வேலை வரிசையாக நிற்கிறது. பூஞ்சாணக் கொல்லியும் நூற்புழு மருந்தும் வாங்க மாட்டோம் என்று முடிவு செய்தவர் கையில் மிச்சம் இருக்கிற ஆயுதங்களில் சூடும் ஒன்று.

திருப்பத்தூர் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சோலார் வெந்நீர்த் தொட்டி போட்டவர்களும் நிறைய. ஆனால் ஊருக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மாடியில் வெள்ளையாகப் பளபளக்கிற தொட்டிகளில் பாதி வெறும் அலங்காரமாக நிற்கும். சில ஒழுகும், சிலவற்றில் தண்ணீர் சூடேறாது, சிலவற்றில் வெந்நீர் நூல் மாதிரி வரும். எங்கள் பக்கத்து ஊரில் நாலு கறவை மாடு வைத்திருக்கிற அக்கா ஒருவர் நாலாம் வருடமே தொட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். "வெயில் இலவசம்னு சொன்னாக. தொட்டிக்குக் குடுத்த காசு இலவசமா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

விறகுக் கணக்கு

முதலில் லாபம் உண்டா என்று பார்த்துவிடுவோம். 28 டிகிரியில் இருக்கிற 100 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 3,200 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் ஏறக்குறைய 3.7 யூனிட். விறகில் சொன்னால், மூன்று கல் அடுப்பில் எரிகிற சூட்டில் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீரில் ஏறும். மீதி காற்றோடு போகும். அப்படிப் பார்த்தால் 6 முதல் 7 கிலோ காய்ந்த விறகு.

நான் வைத்திருப்பது 200 லிட்டர் தொட்டி. வருடத்தில் 300 நாள் நல்ல வெயில் என்று வைத்தால், மிச்சமாகும் விறகு ஏறக்குறைய 4 டன். "சீமைக் கருவேலந்தான் கம்மாய் பூராவும் கெடக்கே" என்பீர்கள். கிடக்கிறது. வெட்டவும், முள் கழிக்கவும், சுமக்கவும், விடியற்காலை புகையில் உட்கார்ந்து ஊதவும் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கிறார்கள். அந்த உழைப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

பழைய பாய்லர் சொல்லித் தருவது

செட்டிநாட்டு வீடுகளில் வெந்நீர் போட்ட செம்பு பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகுப் பொருளாக விற்கிறார்கள். நடுவில் ஒரு குழாய், அதில் கரியோ கொட்டாங்கச்சியோ எரியும். சுற்றிலும் தண்ணீர். மேலே இருக்கிற புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அது அடிக்குப் போய், மேலே நிற்கிற வெந்நீரைக் குழாய் வழியே வெளியே தள்ளும். எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவு வரும்.

சோலார் தொட்டிக்குள் நடப்பதும் இதேதான். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், பச்சைத் தண்ணீர் அடியில் தங்கும். கண்ணாடிக் குழாயில் சூடாகிற நீர் தானாக ஏறித் தொட்டிக்குள் போகிறது, குளிர்ந்த நீர் தானாக இறங்கிக் குழாய்க்குள் வருகிறது. மோட்டார் வேண்டாம். அதனால்தான் தொட்டி எப்போதும் குழாய்களுக்கு மேலே இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் அடியில் நுழைய வேண்டும், வெந்நீர் மேலிருந்து வெளியேற வேண்டும். இதை மாற்றிப் பொருத்தினால் எந்தக் கம்பெனித் தொட்டியும் வேலை செய்யாது.

வெயிலில் தண்ணீர் சூடாக்குவது புது விஷயமும் இல்லை. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கி விற்றார். கண்ணாடி போட்ட பெட்டிக்குள் தொட்டியையே வெயிலில் வைத்தது அவர் முறை. பகலில் நன்றாகச் சூடாகும், இரவில் ஆறிப்போகும். 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி தொட்டியைத் தனியாகப் பிரித்து, மேலே ஏற்றி, சுற்றிலும் சூடு போகாதபடி மூடினார். விடியற்காலையிலும் வெந்நீர் கிடைத்தது. அதற்குப் பகலும் இரவும் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். விடியுமுன் பால் கறக்கிற நமக்கு இதில் பாடம் இருக்கிறது. வெயிலைப் பிடிப்பது பாதி வேலை, பிடித்த சூட்டை விடியும் வரை வைத்திருப்பது மீதி. அந்த மீதி வேலையைச் செய்வது தொட்டி.

வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

தொட்டியைக் கெடுப்பது வெயிலோ மழையோ இல்லை, உள்ளே போகிற தண்ணீர். நம் பக்கத்தில் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையைப் புகழ்வார்கள். அங்கிருந்து சில மைல் தள்ளி போர் போட்டால் சோப்பு நுரைக்காது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் போர் தண்ணீர் 400 என்று வைத்துக்கொள்வோம். தினம் 200 லிட்டர் போனால் 80 கிராம் சுண்ணாம்புச் சத்து தொட்டி வழியே போகிறது. வருடத்துக்கு 29 கிலோ! அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தால்கூட 3 கிலோ கல் உள்ளே உட்காரும். தண்ணீர் சூடாகும்போதுதான் இந்தச் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது என்பதால், மேல்நிலைத் தொட்டியில் தெரியாத கல் வெந்நீர்த் தொட்டியில் தெரியும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, மொத்தக் கரைந்த உப்பு. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு கடையில் பேசுங்கள்.

கடினம் அதிகம் என்றால், மெல்லிய செம்புக் குழாய் ஓடுகிற தகடு ரகம் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அகலமான கண்ணாடிக் குழாய் ரகம் தாங்கும், கழற்றிக் கழுவவும் முடியும். தகடு ரகமே வேண்டுமென்றால், சுற்றுகிற நீரும் பயன்படுத்துகிற நீரும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்றுகிற அமைப்போடு வாங்க வேண்டும்.

குளோரைடு அதிகம் என்றால் துருப்பிடிக்காத எஃகும் துளை விழும். சாதாரணமாகப் போடுவது 304 ரகம். சூடான உப்புத் தண்ணீரில் அது பற்றவைத்த இடத்தில்தான் முதலில் ஊசித் துளை விடும். அங்கே 316 ரகமோ, உள்ளே கண்ணாடி எனாமல் பூசிய தொட்டியோ பார்க்கலாம். இரண்டு சுவருக்கும் நடுவே குறைந்தது 50 மில்லிமீட்டர் பஃப் இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் சூட்டைக் காப்பது அதுதான்.

தன்னைக் கொடுத்துத் தொட்டியைக் காக்கும் தடி

நல்ல தொட்டிக்குள் ஒரு மக்னீசியம் தடி தொங்கும். விற்கிறவர்கள் பலர் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வாங்கியவருக்கும் உள்ளே ஒன்று இருப்பது தெரியாது. இரண்டு உலோகங்கள் ஒரே தண்ணீரில் தொடர்போடு இருந்தால், எளிதில் கரைகிற உலோகம் முதலில் கரையும், மற்றது தப்பிக்கும். மக்னீசியம் கரைகிற வரைக்கும் எஃகு பிழைத்துக்கொள்ளும். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி கப்பலின் அடியில் போர்த்திய செம்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இப்படிப் பலி கொடுத்துக் காட்டினார்.

இந்த அறிவியலுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிற மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின், அதாவது நம்ம சிக்ரியின், முக்கியத் துறைகளில் ஒன்று உலோக அரிப்பு. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிலையம் அது. துருவைப் பற்றி இவ்வளவு படித்த ஊருக்குப் பக்கத்திலேயே நம் தொட்டிகள் துருவால் சாகின்றன என்பது வருத்தமான விஷயம்.

எனாமல் தொட்டிக்கு இந்தத் தடி கட்டாயம். எஃகுத் தொட்டியிலும் உப்புத் தண்ணீர் என்றால் கேட்டு வாங்குங்கள். வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றுங்கள். தடியின் விலை தொட்டியின் விலையில் ஒரு சிறு துண்டுதான்.

நிறுத்தும் இடம்

200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. தொட்டி, ஸ்டாண்டு, குழாய் சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும். ஓட்டு வீட்டில் கூரை மேல் வைக்கவே கூடாது. பழைய மெட்ராஸ் ஒட்டு மாடியிலும் நடுவில் வைக்கக் கூடாது, சுவர் வருகிற இடத்தில் சுமை இறங்க வேண்டும். எங்கள் கொத்தனார் அண்ணன் சொன்னது: "அந்தக் கட்டை நூறு வருசமா வீட்டத் தாங்குது. உங்க தொட்டியையும் சேத்துத் தாங்கச் சொல்லாதீக." மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் செங்கல் தூண் எழுப்பி அதன் மேல் வைத்தோம். குழாய் தூரமும் குறைந்தது.

நிறுவும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை:

• கண்ணாடிக் குழாய்கள் தெற்கு பார்த்து இருக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 4 வரை தென்னை நிழல்கூட விழக் கூடாது. நம் ஊர் 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. வெந்நீர் அதிகம் தேவைப்படுகிற மார்கழி, தையில் நண்பகல் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். 20 முதல் 25 டிகிரி சாய்வு பொருந்தும்.

• பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடி, வெந்நீர்த் தொட்டியின் தலையைவிட உயரமாக இருக்க வேண்டும். அதற்காக ரொம்ப உயரத்தில் வைத்தால் சாதாரணத் தொட்டி அழுத்தம் தாங்காது. கம்பெனி சொல்கிற உயரத்தை மீற வேண்டாம்.

• மேலே நிமிர்ந்து நிற்கிற காற்றுக் குழாய் தொட்டியின் மூக்கு. பச்சைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் அது நீள வேண்டும். தண்ணீர் சொட்டுகிறது என்று துணி வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லை, தொட்டி வெடிக்கலாம். வரத்து நின்றபோது வெந்நீர் திறந்தால் உள்ளே வெற்றிடம் ஆகி, தகரம் நசுங்கின மாதிரி தொட்டி உள்வாங்கிவிடும்.

• வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. போடக் கூடாது, சூட்டில் வளைந்துவிடும். சி.பி.வி.சி. போட்டு, மேலே பஞ்சு உறை சுற்றுங்கள். குழாய் ஏறி இறங்கி வளைந்தால் காற்று அடைக்கும்.

• பச்சைத் தண்ணீர் வரும் வழியில் வெந்நீர் திரும்பி ஏறாதபடி ஒருவழி வால்வு இருக்க வேண்டும்.

• முதல் முறை தண்ணீர் நிரப்புவது விடியற்காலையில்தான். வெறும் குழாய் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது பச்சைத் தண்ணீர் விட்டால் கண்ணாடி சிதறும். பழுது பார்க்கத் தண்ணீரை இறக்கினால் சாக்கு போட்டு மூடுங்கள்.

• வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கிற அமைப்பு கொட்டகையிலும் குளியலறையிலும் இருக்கட்டும். சித்திரையில் தொட்டி நீர் 80 டிகிரியைத் தொடும். குழந்தைகள் கை வைக்கிற உயரத்தில் நேரடி வெந்நீர்க் குழாய் வேண்டாம்.

பேணுவது

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தொட்டிக்குக் கீழேயே தொங்கவிட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை கண்ணாடிக் குழாயை ஈரத் துணியால் துடைப்பது. ஆடிக் காற்றில் புழுதி அப்பிவிடும், அப்போது வாரம் இரண்டு முறை. வெயில் ஏறுமுன் செய்ய வேண்டும்.

மாதம் ஒருமுறை அடி வால்வைத் திறந்து இரண்டு வாளி தண்ணீரை வெளியேற்றுவது. முதல் வாளியில் வண்டலும் வெள்ளைத் துகளும் வரும். அதே நாளில் காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாலையிலும் மறுநாள் விடியலிலும் சூட்டை அளந்து எழுதுவது. இடையில் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் பஃப் நனைந்திருக்கிறதா, ஒருவழி வால்வு கெட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இது என் அளவுகோல்.

வருடம் ஒருமுறை தடியைப் பார்ப்பது, கல் எடுப்பது. கல் எடுக்கக் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றச் சொல்லி வருகிற ஆட்களை உள்ளே விடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், எஃகையே தின்னும். சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, போதும். ஒரு கிலோ கல்லைக் கரைக்க ஏறக்குறைய 1.3 கிலோ பிடிக்கும். மேகமூட்டமான நாளில் குழாய்களை மூடி, 5 சதவீதக் கரைசலாக விட்டு, சில மணி நேரம் கழித்து இறக்கி இரண்டு முறை அலச வேண்டும். அதற்கு முன்னால் மக்னீசியம் தடியை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அமிலம் அதையும் கரைத்துவிடும்.

வெளியூர் போகும்போது கோடையில் குழாய்களின் மேல் சாக்கோ நிழல்வலையோ போட்டு விடுங்கள். எடுக்க ஆளில்லாமல் தினமும் கொதித்தால் கல் கூடுதலாகப் படியும். மழை நாட்களில் வெதுவெதுப்பாகவே பல நாள் நின்ற தண்ணீரில் நுண்ணுயிர் பெருகும். வெயில் வந்து 60 டிகிரி ஏறிய பிறகு குளிக்கப் பயன்படுத்துங்கள்.

மழைத் தண்ணீர்தான் மருந்து

கல்லைக் கரைப்பதைவிடக் கல் இல்லாத தண்ணீரை ஊற்றுவது எளிது. அந்தத் தண்ணீர் கூரையில் விழுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் நாலு பக்க ஓட்டுச் சரிவும் வளவுக்குள் இறங்கி, அண்டாவிலும் கங்காளத்திலும் நிறைந்தது இதனால்தான். பருப்பு வேக மழைத் தண்ணீர் நல்லது என்று அப்பத்தாமார்களுக்குத் தெரியும். தொட்டிக்கும் அதேதான்.

கணக்குப் போடுவோம். நம் மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை. 50 சதுர மீட்டர் கொட்டகைக் கூரை, பெய்வதில் 80 சதவீதம் பிடிக்க முடிந்தால் 36,000 லிட்டர். தினம் 100 லிட்டர் வீதம் 360 நாளுக்கு வரும்! ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதை எல்லாம் சேமிக்க இடம் இருக்காது, உண்மைதான். 10,000 லிட்டர் தொட்டி இருந்தாலே 100 நாள் சுண்ணாம்பு இல்லாத தண்ணீர். மீதி நாளுக்கு மழைநீரையும் போர் நீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் படிகிற கல்லும் பாதிக்குக் குறையும். முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

வெந்நீர் செய்யும் வேலை

பால் பாத்திரத்தை எடுத்ததும் கொதிநீர் ஊற்றாதீர்கள், பாலின் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு சீயக்காயோ சலவைச் சோடாவோ போட்டு வெந்நீரில் தேய்ப்பு, கடைசியில் நல்ல சூட்டு நீரில் அலசிக் கவிழ்ப்பு.

விதைக்கு வெந்நீர் என்பது பழைய அறிவு. டென்மார்க்கில் யென்சன் என்பவர் 1880களிலேயே தானியக் கரிப்பூட்டை நோய்க்கு இதை நிலைநாட்டினார். நெல்லில் நுனி வெளுக்கச் செய்யும் நூற்புழுவுக்கு, விதையை 18 முதல் 24 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு 51 முதல் 53 டிகிரி நீரில் 15 நிமிடம் வைத்து, உடனே ஆற்றிவிட வேண்டும். தொட்டி நீர் 65 டிகிரியும் பச்சைத் தண்ணீர் 28 டிகிரியும் இருந்தால், 2 பங்கு வெந்நீருக்கு 1 பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 53 டிகிரியை ஒட்டி வரும். தெர்மாகோல் பெட்டியில் செய்தால் சூடு இறங்காது. தெர்மாமீட்டர் இல்லாமல் கை வைத்துப் பார்த்துச் செய்யக் கூடாது. சூடு கூடினால் முளைப்பு போகும், குறைந்தால் புழு சாகாது. முதலில் ஒரு பிடி விதையில் செய்து முளைப்பு பார்த்த பிறகு மொத்தத்தையும் போடுங்கள்.

வேரும் தோலும் சீவிய வாழைக்கன்றை 53 முதல் 55 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் நூற்புழு அடங்கும். நெல் அவிக்கிறவர்கள் 65 முதல் 70 டிகிரி நீரில் ஊற வைத்தால் 3, 4 மணி நேரத்தில் வேலை முடியும். இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் ஊறிப் புளித்த வாடை அரிசியில் வராது. தொட்டி நீர் 60 டிகிரி இருந்தால் மேலே ஏற்ற வேண்டிய கொஞ்சச் சூட்டுக்கு மட்டும் விறகு போதும்.

பக்கத்து ஊர் அக்கா இப்போது மறுபடி தொட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறார். வாங்குங்கள் என்றுதான் சொன்னேன், வரிசையை மாற்றி. முதலில் தண்ணீர்ச் சோதனை, அடுத்து கொட்டகைக் கூரைக்குத் தகரக் கால்வாயும் மழைநீர்த் தொட்டியும், அதன் பிறகு வெந்நீர்த் தொட்டி. நீங்களும் வாங்குவதாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் கால்வாயை மாட்டிவிட்டால் மார்கழிக்குள் வெந்நீர் வந்துவிடும்.